ரெட்டினாலுக்கு மாற்றாகப் பகுச்சியோல்: எளிதில் எரிச்சலடையும் சருமத்துக்கு ஏற்றதா?

தாமிரபரணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. கன்னங்களில் மங்கு படர்ந்திருக்கிறது. கண்ணோரங்களில் மெல்லிய சுருக்கங்கள் தெரியத் தொடங்கியிருக்கின்றன. சிறு வயதிலிருந்தே என் சருமம் எதையும் எளிதில் தாங்காது. புதிய சோப்பு, நறுமணம் சேர்த்த க்ரீம் என எது பட்டாலும் சிவந்து அரிக்கும். இருந்தும் சுருக்கங்களைக் குறைக்கப் பூசும் வைட்டமின் ஏ வகைப் பொருளான ரெட்டினால் பற்றிப் பலரும் உறுதியாகச் சொன்னதால், வீரியம் குறைந்த சீரம் ஒன்றை வாரத்துக்கு இரண்டு இரவுகள் மட்டும், மாய்ஸ்சரைசருக்கு மேல் மெல்லியதாகப் பூசிவந்தேன். மூக்கின் இரு பக்கங்களிலும் வாயைச் சுற்றியும் தோல் செதில் செதிலாக உரிந்தது. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன், எரிச்சல் தணிந்த பிறகு, உரிந்த இடங்களிலெல்லாம் முன்பில்லாத கருந்தடங்கள் விழுந்துவிட்டன. அதனால் நிறுத்திவிட்டேன்.

இப்போது பகுச்சியோல் என்னும் தாவரப் பொருளை ரெட்டினாலுக்கு மென்மையான மாற்று என்கிறார்கள். அது கார்போக அரிசியிலிருந்து எடுக்கப்படுகிறது என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் அம்மா அரைத்துவைக்கும் குளியல் பொடியில் பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ ஆகியவற்றோடு கார்போக அரிசியும் சேரும். எனக்கு மூன்று ஐயங்கள் இருக்கின்றன. பகுச்சியோல் உண்மையிலேயே ரெட்டினாலின் வேலையைச் செய்யுமா? நாட்டு மருந்துக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கார்போக அரிசியைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நானே பூசிக்கொண்டால் ஆகாதா, விலை கூடிய சீரம் எதற்கு? திருநெல்வேலி வெயிலில் தினமும் இருசக்கர வண்டியில் பள்ளிக்குப் போய்வருகிறேன். பகலில் இதைப் பூசலாமா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

மூலக்கூறு எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் ஆபத்து அதில்தான் இருக்கிறது. கார்போக அரிசியை எண்ணெயில் காய்ச்சி முகத்தில் பூசாதீர்கள். பூசிக்கொண்டு வெயிலில் போகவே போகாதீர்கள். அழகுசாதனப் பொருள்களை உருவாக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கார்போக அரிசி என்பது சொராலியா கோரிலிஃபோலியா என்ற செடியின் விதை. அந்த விதைக்குள் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறான குணமுடைய பொருள்கள் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று பகுச்சியோல். மற்றவை சோரலென், ஐசோசோரலென் ஆகிய ஃபுரோகூமரின் வகைப் பொருள்கள். சோரலென் தட்டையான மூலக்கூறு என்பதால், செல்லின் டி.என்.ஏ. இழைகளுக்கு இடையில் எளிதாக நுழைந்து தங்கிவிடும். அந்த நிலையில் புற ஊதா ஏ கதிர் பட்டால், அது டி.என்.ஏ.யில் உள்ள தைமினோடு பிணைந்து இரண்டு இழைகளையும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிடுகிறது. அதன் விளைவாகத் தோல் வெந்துபோனது போலச் சிவக்கும், கொப்புளம் எழும், பின்னர் மாதக்கணக்கில் நீடிக்கும் கருமை படியும். சாதாரண வெயில் சிவப்பு அன்றே தெரிந்துவிடும். சோரலெனால் வரும் சிவப்போ இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகே உச்சத்தை அடையும் என்பதால், எதனால் வந்தது என்று பலருக்குப் புரிவதே இல்லை. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்குக் கருந்திட்டு விழுவதற்கும் இந்த ஃபுரோகூமரின்களே காரணம். அந்தப் பழக்கத்தையும் இங்கே யாரேனும் வைத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

இதே வினையைத்தான் மருத்துவம் வெண்புள்ளிக்குப் பயன்படுத்திக்கொண்டது. 1940-களில் எகிப்தில் எல் மோஃப்தி, சோரலென் உள்ள வேறொரு செடியிலிருந்து எடுத்த பொருளைக் கொடுத்து வெண்புள்ளிக்குச் சிகிச்சை செய்தார். 1974-இல் சோரலெனையும் புற ஊதா ஏ கதிரையும் சேர்த்துச் சோரியாசிஸுக்குத் தரும் பூவா சிகிச்சை அமெரிக்காவில் அறிமுகமானது. நிறமில்லாத தோலில் நிறத்தை வரவழைக்கும் ஒரு பொருளை, மங்கு இருக்கும் முகத்தில் கொண்டுபோய்ப் பூசினால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பகுச்சியோலின் கதை வேறு. புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் கோவர்தன் மேத்தா, யு. ஆர். நாயக், சுக் தேவ் ஆகியோர் இந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1966-இல் வெளியிட்டார்கள். அதன் அமைப்பில் ஃபுரோகூமரின் வளையம் இல்லை. எனவே வெயிலோடு சேர்ந்து டி.என்.ஏ.யைப் பிணைக்கும் வேலையை அது செய்வதில்லை. அழகுசாதனத்துக்கென விற்கப்படும் பகுச்சியோலில் சோரலென்கள் கூடியமட்டும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் சீரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பகுதி இந்தப் பிரித்தெடுக்கும் வேலைக்கானது. வீட்டு அடுப்பில் தேங்காய் எண்ணெயில் காய்ச்சும்போது பகுச்சியோலும் எண்ணெயில் இறங்கும், சோரலெனும் இறங்கும். ஒன்றை மட்டும் தனியே எடுக்க அங்கே வழி கிடையாது.

முதல் கேள்விக்கு வருகிறேன். ரெட்டினால் நம் தோலுக்குள் போய் முதலில் ரெட்டினால்டிஹைடாகவும் பிறகு ரெட்டினோயிக் அமிலமாகவும் மாறி, அந்த அமிலம் செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பிகளில் அமர்ந்து மரபணுக்களை இயக்குகிறது. பகுச்சியோலின் வடிவம் ரெட்டினாலைப் போன்றதே இல்லை. இருந்தபோதிலும், 2014-இல் ரத்தன் சௌத்ரியும் போயனோவ்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வில், ரெட்டினால் தூண்டும் மரபணுக்களில் பலவற்றைப் பகுச்சியோலும் தூண்டுவதும், கொலாஜன் உற்பத்தியோடு தொடர்புடைய மரபணுக்கள் அவற்றில் அடங்குவதும் தெரியவந்தன. சௌத்ரி அப்போது பகுச்சியோலைத் தயாரித்து விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் அந்த ஆய்வு பொய்யாகிவிடாது; ஆனால் வேறொருவர் சோதித்துப் பார்க்கும்வரை முழு எடையையும் அதன்மீது ஏற்றக் கூடாது.

பகலில் பூசலாமா என்பதற்கு விடை, ஆம், தூய்மையான பகுச்சியோலாக இருந்தால் பூசலாம். ரெட்டினால் ஒளிபட்டால் சிதைந்துவிடும். பகுச்சியோல் ஒளியில் நிலைத்து நிற்கும். ஆனால் அது வெயிலிலிருந்து உங்களைக் காக்காது, மேலே சன்ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும்.

கீழவீதி எழுதியது:

மூலக்கூறு அவர்கள் எழுதியது அனைத்தும் சரி. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை நடத்துகிறது. கார்போக அரிசியைக் கேட்டு வருபவர்களில் பலரும் குளியல் பொடிக்கென்றே வாங்குகிறார்கள். அதனால் மரபின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, இல்லாவிட்டால் நம் பாட்டிமார் நஞ்சை அரைத்துப் பூசினார்கள் என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடும்.

குளியல் பொடியில் கார்போக அரிசி மிகச் சிறிய பங்குதான். பாசிப்பயறு ஒரு கிலோ என்றால் கார்போக அரிசி ஐம்பது, நூறு கிராமுக்கு மேல் யாரும் போடச் சொல்வதில்லை. தண்ணீரில் குழைத்துத் தேய்த்து உடனே கழுவிவிடுவதால், எண்ணெயில் ஊறிய சாறு மணிக்கணக்கில் தோலில் தங்குவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தேமல், சொறி, அரிப்பு இருப்பவர்களுக்கென்றே அதை முன்பு சேர்த்தார்கள். வெண்புள்ளிக்குப் பூசச் சொல்லும் வைத்தியர்கள், பூசியபின் எவ்வளவு நேரம் இளவெயிலில் நிற்க வேண்டும் என்றும் கூடவே சொல்லி அனுப்புவார்கள். வெயிலுக்கும் இந்த விதைக்கும் உள்ள உறவு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இணையத்தில் இன்று பரவும் குறிப்புகள் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு, "முகம் பளபளக்கும்" என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

தாமிரபரணி அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முகத்தில் மங்கு இருப்பதால், முகத்துக்குப் பயன்படுத்தும் பொடியில் கார்போக அரிசி வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். முகத்துக்குப் பாசிப்பயறு மாவு மட்டும் போதும், அதையும் அழுத்தித் தேய்க்க வேண்டாம். இன்னொன்று, எந்தச் சூழ்நிலையிலும் இதை நீங்களாக உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். இந்த விதையை மருந்தாக உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. கடையில் கேட்டு வருபவர்களிடம் என் தந்தை இப்போது "எதற்கு" என்று கேட்காமல் தருவதில்லை.

தோல்நலம் எழுதியது:

தோல் மருத்துவர் என்ற முறையில் சில கருத்துகள். நேரில் பார்க்காமல் இவற்றைச் சிகிச்சைப் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம்.

தாமிரபரணி அவர்களே, உங்களுக்கு நேர்ந்தது நம் நிறத் தோலில் மிகவும் வழக்கமானது. வெண்ணிறத் தோலில் எரிச்சல் சிவப்பாக வந்து சிவப்பாகவே மறைந்துவிடுகிறது. நமக்கோ எந்த அழற்சியும் நிறமிச் செல்களைத் தூண்டிவிடும். பருவோ, கொசுக்கடியோ, க்ரீமால் வந்த உரிதலோ, அது ஆறிய இடத்தில் கருந்தடம் நிற்கும். ஆகவே மேலைநாட்டு ஆய்வுகளில் "இலேசான உரிதல்" என்று ஒரு வரியில் கடந்துபோகும் பக்கவிளைவு, நமக்குப் பல மாத வேலை. உங்களுக்கு மென்மையான மருந்து வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான். எரிச்சலைத் தாங்கித்தான் பலன் பெற வேண்டும் என்று சொல்லப்படும் அறிவுரை, மங்கு உள்ள முகத்துக்குப் பொருந்தாது.

பகுச்சியோலையும் ரெட்டினாலையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மடாலஜியில் அச்சானது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த குழு அதைச் செய்தது. மொத்தம் 44 பேர். ஒரு பிரிவினர் 0.5% பகுச்சியோலைக் காலையும் இரவும், மறு பிரிவினர் 0.5% ரெட்டினாலை இரவில் மட்டும், 12 வாரங்கள் பூசினார்கள். யார் எதைப் பூசினார்கள் என்று தெரியாத மருத்துவர் படங்களைப் பார்த்து மதிப்பிட்டார். சுருக்கங்களும் கருமையும் இரு பிரிவிலும் குறைந்தன. இரண்டுக்கும் இடையே புள்ளியியல் நோக்கில் வேறுபாடு காணப்படவில்லை. ரெட்டினால் பூசியவர்கள் உரிதலும் குத்தலும் கூடுதலாக இருந்ததாகச் சொன்னார்கள்.

எளிதில் எரிச்சலடையும் சருமம் உடையவர்களையே எடுத்துக்கொண்ட ஆய்வும் உண்டு. எக்ஸிமா, முகம் அடிக்கடி சிவக்கும் ரோசேசியா, எந்த அழகுசாதனமும் ஒத்துக்கொள்ளாத நிலை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உள்ள 60 பெண்களிடம் பகுச்சியோல் கொண்ட க்ரீமை நான்கு வாரங்கள் கொடுத்துப் பார்த்து, சோயி டிரேலாஸ் குழு 2020-இல் வெளியிட்டது. பெரும்பாலானோர் நன்றாகத் தாங்கிக்கொண்டார்கள். சுருக்கம் பற்றி முடிவு சொல்ல நான்கு வாரம் போதாது. தாங்கும் தன்மையை அறிய அது பயனுள்ள ஆய்வு.

மங்குவைப் பற்றித் தனியாக ஒன்று. பகுச்சியோல் மங்குவுக்கான முதல் மருந்து ஆகாது. வெயிலும், புற ஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும், மங்குவை வளர்க்கின்றன. ஆகவே இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீன்தான் உங்களுக்கு அடிப்படை. வண்டியில் போகும்போது தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், கன்னம் மறையும்படி பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். இவ்வளவையும் செய்யாமல் எந்தச் சீரத்தைப் பூசினாலும் காசு வீண்.

மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் "மங்கு க்ரீம்" பற்றியும் எச்சரிக்கிறேன். நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுயினோன், ரெட்டினால் குடும்பத்தைச் சேர்ந்த வலிமையான மருந்தான டிரெட்டினாயின், ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் கலந்த அந்த க்ரீமைப் பூசினால் முதல் சில வாரங்களில் முகம் வெளுக்கும். மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடர்ந்தால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, நிறுத்தியவுடன் முகம் தீயாக எரியும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்த பிறகும், அவை எளிதாகக் கைக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. என் புறநோயாளர் பிரிவுக்கு இந்தப் பாதிப்போடு வரும் இளம்பெண்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

பாலைத்திணை எழுதியது:

மருத்துவர் அவர்களுக்கு நன்றி. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். 44 பேரை வைத்துச் செய்த 12 வார ஆய்வைக் கொண்டு, அரை நூற்றாண்டு ஆதாரம் உள்ள ஒரு மருந்துக் குடும்பத்துக்கு இது "மாற்று" என்று சொல்வது முறையா? அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் காலத்திலிருந்து டிரெட்டினாயின் ஆராயப்பட்டுவருகிறது. அமெரிக்காவில் 1971-இல் பருவுக்கும், 1995-இல் வெயிலால் முதிர்ந்த தோலுக்கும் அனுமதி பெற்றது. இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்றால் இரண்டும் சமம் என்று பொருளாகாது; ஆய்வு சிறியதாக இருந்தால் உண்மையான வேறுபாடுகூடக் கண்ணில் படாமல் போகலாம். அதிலும் ஒன்றை நாளுக்கு இருமுறையும் மற்றொன்றை ஒருமுறையும் பூசவைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். "தாவரம்" என்ற அடையாளத்துக்காகவே இதை வாங்குகிறவர்கள் பலர். ஐரோப்பாவில் ரெட்டினாலைத் தடைசெய்துவிட்டார்கள் என்ற செய்தியும் விற்பனைக்காகவே பரப்பப்படுகிறது என்று ஐயப்படுகிறேன்.

தோல்நலம் எழுதியது:

உங்கள் எதிர்வாதத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். டிரெட்டினாயினுக்கு இருக்கும் ஆதாரம் பகுச்சியோலுக்கு இல்லை. பரு தீவிரமாக உள்ளவர்களிடமும், வெயிலால் ஆழமாகச் சுருங்கிய தோல் உள்ளவர்களிடமும் நான் இன்றும் ரெட்டினால், டிரெட்டினாயின் அடங்கிய ரெட்டினாய்டு வகையைத்தான் முதலில் எண்ணுவேன். அதைத் தாங்கக்கூடியவர்கள் பகுச்சியோலுக்கு மாற வேண்டிய தேவை எதுவும் இல்லை.

ஐரோப்பியச் செய்தி பற்றியும் நீங்கள் ஐயப்பட்டது சரிதான். 2024-இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி ரெட்டினாலைத் தடைசெய்யவில்லை. உடலுக்குப் பூசும் லோஷனில் 0.05%, மற்றப் பொருள்களில் 0.3% என்று உச்ச வரம்பு வைத்தது. உணவிலிருந்தும் மாத்திரைகளிலிருந்தும் ஏற்கெனவே கிடைக்கும் வைட்டமின் ஏ-யோடு தோல் வழியாகச் செல்வதும் சேர்ந்து மொத்த அளவு கூடிவிடக் கூடாது என்பதே அதன் காரணம். தோல் எரிச்சலுக்கும் அந்த விதிக்கும் தொடர்பில்லை.

ஆனால் இந்த இழையில் கேள்வி கேட்டவர் ரெட்டினாலை முறையாக, குறைவாக, மாய்ஸ்சரைசரோடு பூசியும் தாங்க முடியாதவர். அவருக்கு முன்னால் இருக்கும் தேர்வு ரெட்டினாலா பகுச்சியோலா என்பதே இல்லை. பகுச்சியோலா அல்லது வெறும் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனுமா என்பதுதான். பூசாமல் அலமாரியில் இருக்கும் வலிமையான மருந்தைவிட, நாள்தோறும் பூச முடிகிற மிதமான பொருள் அவருக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

நொய்யல் எழுதியது:

நான் பகுச்சியோல் பூசிவருகிறவள் என்பதால் என் அனுபவத்தைப் பகிர்கிறேன். எனக்கு ரோசேசியா இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். கோயம்புத்தூரின் குளிர்காலக் காற்றுக்கே முகம் சிவந்துவிடும். கோடை முடிந்து மழைக்காலத்தில் தொடங்கிப் பொங்கல் கடந்தும் பூசிவருகிறேன். உரிதல் எதுவும் இல்லை. பழைய பருத் தடங்கள் மெல்ல மெல்ல மங்கின, தோலின் சொரசொரப்புக் குறைந்தது. நெற்றியில் ஆழமாக விழுந்திருந்த கோடுகளில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அதை எதிர்பார்த்து யாரும் வாங்க வேண்டாம். முதல் மாதத்தில் எதுவுமே நடக்காதது போலத்தான் இருந்தது. ஒரே சன்னலோரத்தில், ஒரே காலை வெளிச்சத்தில் படம் எடுத்துவைத்துக்கொண்டால்தான் மாற்றம் புரியும், கண்ணாடி நம்மை ஏமாற்றிவிடும். வைட்டமின் சி சீரத்தையும் சேர்த்துப் பூசிய காலத்தில் மட்டும் இலேசாகக் குத்தியது. அதை நிறுத்தியதும் சரியாகிவிட்டது.

தாமிரபரணி எழுதியது:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. எண்ணெய் காய்ச்சும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இணையக் கடைகளில் தேடினால், ஒரே விலையில் சில சீரங்களும், அவற்றைவிட மலிவாக "பாப்ச்சி ஆயில்" என்ற எண்ணெய்க் குப்பிகளும் வருகின்றன. எண்ணெயின் விளக்கத்திலும் "இயற்கை ரெட்டினால்" என்றே எழுதியிருக்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது? வாங்கிய பின் முகத்தில் பூசுவதற்கு முன்னால் எப்படிச் சோதிப்பது?

மூலக்கூறு எழுதியது:

பெட்டியின் முகப்பில் உள்ள எழுத்துகளைப் பார்க்காமல், பின்புறம் உள்ள கூட்டுப்பொருள் பட்டியலைப் பாருங்கள். அங்கே "பகுச்சியோல்" என்ற பெயரே தனித்து இருக்க வேண்டும். "சொராலியா கோரிலிஃபோலியா சீட் ஆயில்" அல்லது "சீட் எக்ஸ்ட்ராக்ட்" என்று இருந்தால், அது விதையின் எண்ணெயோ சாறோதான். அதில் சோரலென் எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர் சோதித்துச் சொன்னாலொழிய உங்களால் அறிய முடியாது. நீங்கள் கண்ட பாப்ச்சி எண்ணெய் இந்த வகை. வெயிலில் போகும் முகத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

அளவு 0.5% முதல் 1% வரை என்று வெளிப்படையாக எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் பகுச்சியோல் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துக் கணக்கிட முடியாது, ஏனெனில் ஒரு விழுக்காட்டுக்குக் குறைவான பொருள்களை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ள விதி இடம்தருகிறது. பெயருக்குத் துளியளவு சேர்த்துவிட்டுப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்பவர்களும் உண்டு. உங்கள் சருமத்துக்கு, நறுமணமும் லாவெண்டர், சிட்ரஸ் போன்ற வாசனை எண்ணெய்களும் சேராததாக இருப்பது பகுச்சியோலின் அளவைவிட முக்கியம் என்றே சொல்வேன். "மென்மையானது" என்ற பெயரில் வரும் பல தாவரச் சீரங்களில் தோலை உறுத்துவது பெரும்பாலும் அந்த வாசனை எண்ணெய்தான்.

தோல்நலம் எழுதியது:

சோதிக்கும் முறையை நான் சொல்கிறேன். முழங்கையின் உட்புற மடிப்பில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய இடத்தில், காலையும் இரவும் ஒரே இடத்தில் தொடர்ந்து பூசுங்கள். குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் தொடர வேண்டும். ஒரே ஒரு நாள் பூசிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டது என்று முடிவுசெய்வதால்தான் பலர் பின்னர் அல்லற்படுகிறார்கள், ஏனெனில் ஒவ்வாமை வெளிப்படச் சில நாட்கள் பிடிக்கும். பகுச்சியோலே ஒவ்வாமைத் தோல் அழற்சியை உண்டாக்கியதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. அரிதுதான், ஆனாலும் தாவரத்திலிருந்து வந்தது என்பதால் விலக்குக் கிடையாது. அரிப்பு, தடிப்பு, சிறு கொப்புளம் எது வந்தாலும் அந்தப் பொருள் உங்களுக்கு உரியதில்லை.

கை மடிப்பு வெயில் படாத இடம் என்பதால், வெயிலோடு சேர்ந்து வரும் எதிர்வினையை இந்தச் சோதனை காட்டாது. ஆகவே அடுத்த கட்டமாகத் தாடையோரத்தில் இரவில் மட்டும் சிறிதளவு பூசிப் பார்த்து, பிறகு முகம் முழுவதற்கும் இரவில், அதற்கும் பிறகே காலையிலும் என்று நகருங்கள். இந்தக் காலத்தில் வேறு எந்தப் புதிய பொருளையும், குறிப்பாகக் கிளைகாலிக் அமிலம் போன்ற உரிக்கும் பொருள்களை, சேர்க்காதீர்கள். பழைய கருந்தடங்கள் இன்னும் இருந்தால், தோல் முழுவதும் அமைதியடையும்வரை மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும் போதும், அவசரம் வேண்டாம். மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் வேறுபாடு தெரியாவிட்டால் அந்தச் செலவைத் தொடர வேண்டியதில்லை.

வைகறை எழுதியது:

இழையின் போக்கை மாற்றுவதாக நினைக்க வேண்டாம், தொடர்புள்ள கேள்விதான். நான் நான்கு மாதக் கர்ப்பிணி. கன்னங்களில் மங்கு வரத் தொடங்கியிருக்கிறது. கர்ப்ப காலத்தில் ரெட்டினால் கூடாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பகுச்சியோல் "கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது" என்று பல விளம்பரங்களில் பார்க்கிறேன். நம்பலாமா?

தோல்நலம் எழுதியது:

வைகறை அவர்களே, கேட்டது நல்லது. வைட்டமின் ஏ வகை மருந்தான ஐசோட்ரெட்டினாயினை உட்கொண்டால் கருவில் கடுமையான குறைபாடுகள் ஏற்படும் என்பது உறுதியாகத் தெரிந்த உண்மை. அதனால்தான் பூசும் ரெட்டினாய்டுகளையும் முன்னெச்சரிக்கையாகத் தவிர்க்கச் சொல்கிறோம். பகுச்சியோல் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை என்பதால் அந்த ஆபத்து அதற்கு இருக்காது என்று ஊகிக்கிறார்கள். ஆனால் கர்ப்பிணிகளிடம் அதைப் பயன்படுத்திப் போதுமான ஆய்வுகள் செய்யப்படவில்லை. ஆபத்து காணப்படவில்லை என்பதும் பாதுகாப்பு நிறுவப்பட்டுவிட்டது என்பதும் வெவ்வேறு. விளம்பரங்கள் முதலாவதை இரண்டாவதாக எழுதுகின்றன. கார்போக அரிசியையோ அதன் எண்ணெயையோ இந்தக் காலத்தில் எந்த வடிவிலும் பயன்படுத்த வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் வரும் மங்கு ஹார்மோன் மாற்றத்தால் வருவது. குழந்தை பிறந்து சில மாதங்களில் பலருக்குத் தானாகவே குறையும். இப்போதைக்கு நிறச் சாயல் கொண்ட, துத்தநாக ஆக்சைடு வகைச் சன்ஸ்கிரீனும் குடையும் போதும். அதற்கும் மேல் ஏதேனும் வேண்டும் என்று தோன்றினால், அசெலாயிக் அமிலம் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கோதுமை, பார்லி போன்ற தானியங்களிலும் காணப்படும் பொருள் அது; கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக ஏற்கத்தக்கதாகக் கருதப்படுகிறது, கருமைக்கும் ரோசேசியாவுக்கும் உதவுகிறது. தொடக்கத்தில் சற்றே அரிக்கும் என்பதால், மேலே சொன்ன முழங்கை மடிப்புச் சோதனையை அதற்கும் செய்துகொள்ளுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, இப்போது பூசிக்கொண்டிருக்கும் எல்லாக் குப்பிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.